மனைக்கு ஒரு ஓட்டு
கோல்ஃப் ஆடவும் தூண்டில் போடவும் வந்து சேர்ந்த அமெரிக்க முதியவர்கள், கழிவுநீர்க் குழாய் பட்ஜெட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு வாக்கு சேகரிக்கிறார்கள்

கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். நடுவர் ஒருவர் அவற்றைப் படிப்பார். மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களுக்கு, பதில் சொல்ல ஆளுக்கு ஓரிரு நிமிடம். கீழே இருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். காது கேட்கும் கருவியைச் சரிசெய்து கொள்பவர்கள் உண்டு. போன வருட பட்ஜெட் நகலை அடிக்கோடிட்டு மடியில் வைத்திருப்பவர்களும் உண்டு. மேடையில் இருப்பவர்களுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். ஓய்வு பெற்ற என்ஜினீயர், முன்னாள் வங்கி அதிகாரி, ராணுவத்திலிருந்து வந்தவர், பள்ளி ஆசிரியை. வெளியுறவுக் கொள்கை பற்றி இங்கே யாருக்கும் கவலை இல்லை. தோட்டத்தை மேயும் மான்களை என்ன செய்வீர்கள்? எங்கள் தெருவின் கழிவுநீர்க் குழாய் எப்போது மாற்றப்படும்? கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத நான் ஏன் மைதானத்துப் புல்லுக்குப் பணம் கட்ட வேண்டும்?

அமெரிக்காவின் ஓய்வுக்கால ஊர்களில் வேட்பாளர் அறிமுகக் கூட்டம் என்றால் அநேகமாக இப்படித்தான் இருக்கும். போட்டி நாடாளுமன்றத்துக்கோ நகராட்சிக்கோ நடப்பதில்லை. மனை உரிமையாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு நடக்கிறது. ஜெயித்தால் சம்பளம் கிடையாது, கார் கிடையாது, மாலை மரியாதையும் கிடையாது. காலையில் தபால் எடுக்கப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு சாலைப் பள்ளத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார் என்பது மட்டும் நிச்சயம். ஆனாலும் போட்டியிட ஆட்கள் வருகிறார்கள். காரணம், பெயர்தான் சங்கமே தவிர பல இடங்களில் அதுவேதான் அரசாங்கம்.

ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் வில்லேஜ் இதற்குச் சரியான உதாரணம். முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டன் வளர்ந்த ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு அருகில், பைன் மரக் காடுகளுக்கு இடையில் இருக்கிறது. பெயரில்தான் கிராமம். பரப்பளவு சுமார் 26,000 ஏக்கர். அதாவது சண்டீகர் யூனியன் பிரதேசத்தைவிடச் சற்றே சிறியது. சண்டீகரில் பத்து லட்சம் பேர் வசிக்கிறார்கள். இங்கே 2020 சென்சஸ் கணக்குப்படி 15,861 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். 11 ஏரிகள், 9 கோல்ஃப் மைதானங்கள், உள்ளே நுழைய கேட். பதினாறாம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் சுற்றித் திரிந்த ஸ்பானியப் படைத்தலைவன் டி சோட்டோவின் ஞாபகமாக ஏரிக்கும் தெருவுக்கும் ஸ்பானியப் பெயர்கள். இவ்வளவு பெரிய ஊருக்கு மேயர் இல்லை, நகர்மன்றம் இல்லை. குடிநீர், கழிவுநீர், குப்பை, தீயணைப்பு, காவல், 700 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. அதை நடத்துவது ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழு. பதவிக்காலம் மூன்று ஆண்டு. எல்லா இடங்களும் ஒரே சமயத்தில் காலியாவதில்லை என்பதால் ஆண்டுதோறும் தேர்தல் வாடை வீசிக்கொண்டே இருக்கும்.

இந்த ஊரை உருவாக்கியவர் ஜான் ஏ. கூப்பர். ஆர்கன்சாவைச் சேர்ந்த வழக்கறிஞர், பிறகு நில வணிகர். நம் ஊர் பாஷையில் புரமோட்டர். 1954இல் செரோக்கி வில்லேஜ், 1965இல் பெல்லா விஸ்டா, 1970இல் ஹாட் ஸ்பிரிங்ஸ் வில்லேஜ் என்று ஒரே மாநிலத்தில் மூன்று ஊர்களைக் கட்டினார். யுத்தத்துக்குப் பிந்தைய அமெரிக்காவில் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும்கூட பென்ஷன் வரத் தொடங்கியிருந்த காலம். சிகாகோ பக்கத்துக் குளிரில் நாற்பது வருடம் வேலை பார்த்தவருக்கு, பனி அதிகம் விழாத, வரி குறைந்த, ஏரிக்கரை மனை என்றால் ஆசை வராதா? அந்த ஆசையைக் குறிவைத்துத் தபாலில் அழைப்புகள் பறந்தன. வந்து பார்த்தவர்கள் தவணை முறையில் மனை வாங்கினார்கள். வீடு கட்டுவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இடத்தைப் பிடித்துப் போடுவோம் என்ற கணக்கு. மதுராந்தகத்தைத் தாண்டி லே-அவுட்டில் மனை வாங்கிப் போட்ட எவருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

பிடித்துப் போட்ட இடங்கள் பலவும் அப்படியே கிடக்கின்றன. வில்லேஜில் பிரிக்கப்பட்ட மனைகள் சுமார் 34,000. மூன்றில் ஒரு பங்கு மனையில்கூட வீடு எழும்பவில்லை. மற்றவற்றில் மரங்கள் நிற்கின்றன. இதில் தவறு எதுவும் இல்லாதது போலத்தான் முதலில் தோன்றும்: காலி மனைக்காரரும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார், ஆனால் ரோட்டைத் தேய்ப்பதில்லை, தண்ணீர் இறைப்பதில்லை. பல ஆயிரம் பேர் பயன்படுத்தாத ஊருக்குச் செலவைப் பகிர்ந்துகொண்டதால்தான் அங்கே வாழ்ந்த சில ஆயிரம் பேருக்கு ஒன்பது கோல்ஃப் மைதானங்கள் கட்டுப்படியாயின. கூப்பர் போட்ட கணக்கின் சூட்சுமமே அதுதான்.

சூட்சுமம் ஒரு தலைமுறைதான் தாங்கியது. 1970களில் 45 வயதில் மனை வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றபோது மனைவிக்கு உடம்பு சரியில்லை, மகள் வேறு மாநிலத்தில் இருக்கிறாள், வீடு கட்டவில்லை. அவர் இறந்த பிறகு மனை மகளுக்கு வந்து சேருகிறது. கூடவே மாதா மாதம் கட்டணமும். பார்த்தே இராத காட்டுத் துண்டுக்கு எதற்குப் பணம் என்று மகள் நிறுத்திவிடுகிறாள். சங்கம் நோட்டீஸ் அனுப்புகிறது. வழக்குப் போட்டு மனையைக் கைப்பற்றினால் ஆகும் செலவு, மனையின் விலையைவிட அதிகம். இப்படி ஆயிரக்கணக்கான மனைகள். சொத்து வரி பாக்கிக்காக மாநில அரசின் நில ஆணையரிடம் போய், ஏலத்துக்கு வருபவை ஒரு பக்கம். சங்கத்தின் கையிலேயே தங்கிவிட்டவை இன்னொரு பக்கம். சங்கத்தின் கையில் இருக்கும் மனைக்குக் கட்டணம் யார் கட்டுவது? யாரும் இல்லை.

ஆனால் சாலை சுருங்கவில்லை. பைன் காட்டுக்கு நடுவே வீடே இல்லாத வளைவுகளுக்கும் தார் போட வேண்டும். 1970களில் புதைத்த குழாய்களுக்கு ஐம்பது வயதாகிவிட்டது. ஏரிகள் இயற்கையாக வந்தவை அல்ல, எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. அந்த அணைகளையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுபவர்கள் குறைந்துகொண்டே வர, செலவு ஏறிக்கொண்டே போகிறது. பென்ஷனில் வாழும் வாக்காளரிடம் போய் இதைச் சொல்லி ஓட்டுக் கேட்க வேண்டியதுதான் வேட்பாளரின் தலைவிதி. விலைவாசி உயர்வுக்கு மேல் கட்டணத்தை ஏற்ற வேண்டுமானால் உறுப்பினர்களிடம் தனியாக வாக்கெடுப்பு நடத்தி சம்மதம் வாங்கியாக வேண்டும். கட்டணத்தை உயர்த்த மாட்டேன் என்பவர் ஜெயிக்கலாம். ஜெயித்த ஆறு மாதத்தில் குழாய் உடையும். உயர்த்தியே தீர வேண்டும் என்று உண்மையைச் சொல்பவர் தோற்கலாம். நம் மாநில மின்வாரியங்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு வித்தியாசம்: இங்கே பற்றாக்குறையை ஈடுகட்ட மேலே ஓர் அரசாங்கம் இல்லை. நெருக்கடி முற்றியபோது வீடு கட்டிய மனைக்கு ஒரு கட்டணம், காலி மனைக்குக் குறைந்த கட்டணம் என்று பிரித்தார்கள். பிரித்ததும் சண்டை தீரவில்லை, இரண்டு கட்சியாயிற்று.

அந்தச் சண்டையின் வேர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. இத்தகைய ஊர்களின் சாசனங்களில் பொதுவாகக் காணப்படும் விதி, மனைக்கு ஒரு ஓட்டு. ஆளுக்கு ஓட்டு கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு வீடு வைத்திருந்தால் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். யாருக்குப் போடுவது என்பதை டிபன் மேஜையில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பத்து வருடமாக வாடகைக்கு இருப்பவர், ஊரின் அத்தனை பள்ளங்களையும் அறிந்திருந்தாலும் வாக்காளர் அல்ல. கட்டண பாக்கி வைத்திருப்பவரின் உரிமை நிறுத்தி வைக்கப்படும். மாறாக, ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு, ஊரை ஒருமுறைகூடப் பார்க்காமல், பாக்கியில்லாமல் பணம் கட்டுபவர் முழு வாக்காளர். அவருக்குத் தபாலில் ஓட்டுச்சீட்டு போகும், வேட்பாளர்களின் சுயவிவரக் குறிப்பும் கூடவே போகும். அந்த அரைப் பக்கக் குறிப்புதான் அவர் அறிந்த அரசியல். அவருடைய நலன் ஒன்றே ஒன்று, கட்டணம் ஏறக் கூடாது. மான், மருத்துவமனை, மேடு பள்ளம் எதுவும் அவருக்குப் பொருட்டல்ல. மேடையிலிருந்து எவ்வளவு பிரமாதமாகப் பேசினாலும் வேட்பாளரின் குரல் எட்டாத வாக்காளர் அவர்.

ஒரு ஜனநாயக நாட்டில் இது செல்லுமா என்று கேட்கலாம். மாநில சட்டமன்றத் தொகுதிகள் பற்றி 1964இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டமன்ற உறுப்பினர்கள் மனிதர்களின் பிரதிநிதிகளே தவிர மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ பிரதிநிதிகள் அல்ல என்று சொன்னது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்ற கொள்கை அப்போது நிலைபெற்றது. ஆனால் மனை உரிமையாளர் சங்கம் சட்டத்தின் கண்ணில் அரசாங்கம் அல்ல. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த தனியார் அமைப்பு. கிளப்பில் ஓட்டு எப்படி என்று நீதிமன்றம் கேட்பதில்லை. அதற்கும் மேலே, அரிசோனாவில் ஒரு பொது நீர்ப்பாசன, மின்சார அமைப்பின் இயக்குநர்களை ஏக்கர் கணக்கில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பதை 1981இல் அதே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மரங்களும் ஏக்கர்களும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டன. எவன் மெக்கென்சி என்ற அரசியல் அறிஞர் 1994இல் எழுதிய 'பிரைவடோபியா' என்ற நூல் இந்தத் தனியார் அரசாங்கங்களைப் பற்றியதுதான். இன்று அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கங்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். அவற்றின் ஆளுகைக்குள் வசிப்பவர்கள் ஏழரைக் கோடிப் பேர் என்று அவற்றின் கூட்டமைப்பே கணக்கிடுகிறது.

தேர்தல் களத்தில் கட்சிக் கொடிகள் இல்லாவிட்டாலும் அணிகள் உண்டு. கோல்ஃப் ஆடுபவர்கள், ஆடாதவர்கள் என்பது ஆதிப் பிரிவு. ஏரிக்கரை வீட்டுக்காரர்களுக்குப் பாசியும் தூர்வாருதலும் முக்கியம்; காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாலை. டென்னிஸ் கோர்ட்டைப் பிரித்து பிக்கிள்பால் ஆட விடலாமா என்பதில் நண்பர்கள் பேச்சுவார்த்தை அறுந்து போன ஊர்கள் உண்டு. பக்கத்து வீட்டை வாங்கி நாள் வாடகைக்கு விடும் வெளியூர் முதலீட்டாளர்கள் புதிய தலைவலி. மான்கள் இன்னொரு தீராப் பிரச்னை. ஹாட் ஸ்பிரிங்ஸ் வில்லேஜிலும் பெல்லா விஸ்டாவிலும் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க, வில் அம்பு கொண்டு வேட்டையாட அனுமதிக்கிறார்கள். ரோஜாச் செடியை இழந்தவர் வேட்டைக்கு ஆதரவு, ஜன்னலோரம் வந்து நிற்கும் குட்டிக்குப் பெயர் வைத்திருப்பவர் எதிர்ப்பு.

இவை சில்லறைச் சண்டைகள். ஊரின் உயிரைப் பற்றிய சண்டை வேறு. 2010களின் பிற்பகுதியில் ஹாட் ஸ்பிரிங்ஸ் வில்லேஜ் நிர்வாகம், நகரமைப்பில் பேர் பெற்ற டி.பி.இஸட். நிறுவனத்தை அழைத்து ஊருக்கு ஒரு முழுமைத் திட்டம் தயாரித்தது. சிதறிக் கிடக்கும் மனைகளை விட்டுவிட்டு, நடந்து போகும் தூரத்தில் கடையும் வீடும் இருக்கும் சிறு மையங்களை உருவாக்குவது, இளம் குடும்பங்களை ஈர்ப்பது என்பது சாரம். கணக்குப் பார்த்தால் நியாயம் இருந்தது: புதியவர்கள் வராவிட்டால் கட்டணம் கட்ட ஆள் இருக்காது. ஆனால் காட்டின் அமைதிக்காகவே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்தவரிடம், உங்கள் எதிரே கடைத்தெரு வரப்போகிறது என்று சொன்னால்? எதிர்ப்பு கிளம்பியது. நிர்வாகக் குழுத் தேர்தல்களில் திட்டமே பேச்சாயிற்று. ஊர் பிழைக்க மாற வேண்டும் என்பவர்களுக்கும், மாறாமல் இருக்கத்தான் இங்கே வந்தோம் என்பவர்களுக்கும் நடந்த போட்டி அது. இரு தரப்புமே ஊரை நேசிப்பவர்கள் என்பதுதான் சங்கடம்.

மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கூப்பரின் முந்தைய ஊரான பெல்லா விஸ்டா வேறு பாதையில் போனது. பக்கத்து ஊர் பென்டன்வில், வால்மார்ட்டின் தலைமையகம். நிறுவனம் வளர வளர, வேலைக்கு வந்த இளைஞர்கள் முதியோர் ஊரில் வீடு வாங்கினார்கள். 2006 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி ஊரை முறையான நகரமாக்கிக்கொண்டார்கள். சாலையும் போலீசும் மேயரிடம் போயின. ஏரி, கோல்ஃப், குடிநீர் சங்கத்திடமே நின்றன. அதாவது ஒரே வாசலுக்கு இரண்டு தேர்தல். நகர்மன்றத்துக்கு ஆளுக்கு ஓட்டு, சங்கத்துக்கு மனையை வைத்து ஓட்டு.

சம்பளமில்லாத ஒரு குழு எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பெல்லா விஸ்டா கண்டது. குத்தகைக்கு எடுத்த ஓர் இடத்தில், வீட்டுத் தோட்டங்களின் மரக்கட்டை, இலை, தழைகளைக் கொட்ட சங்கம் பல ஆண்டுகள் வசதி செய்து கொடுத்திருந்தது. 2016இல் மூடி மண் போட்டார்கள். 2018 ஜூலை கடைசியில் அங்கிருந்து புகை வந்தது. மண்ணுக்கடியில் குப்பை எரிந்துகொண்டிருந்தது. அணைக்க முடியாமல் மாதக்கணக்கில் எரிந்தது. சுற்றியிருந்த வீடுகளில் ஜன்னல் திறக்க முடியவில்லை. நுரையீரல் பலவீனமான முதியவர்கள் வீட்டைவிட்டே போக நேர்ந்தது. மாநில அரசு தலையிட்டு, தோண்டித் தோண்டி நீர் பாய்ச்சி 2019இல்தான் அணைத்தது. செலவு கோடிக்கணக்கான டாலர். யார் பொறுப்பு என்று வழக்குகள் தொடர்ந்தன. தழை கொட்ட ஓர் இடம் தேவை என்று எந்தக் குழு தீர்மானித்ததோ, அதில் இருந்தவர்கள் கனவிலும் நினைத்திராத முடிவு. அதன் பிறகு அங்கே எந்த வேட்பாளரும் குப்பையைச் சாதாரண விஷயமாகப் பேச முடியவில்லை.

ஏக்கர் கணக்கில் ஓட்டு என்பதன் முழு வீச்சைப் பார்க்க ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டும். அங்குள்ள 'தி வில்லேஜஸ்' உலகிலேயே பெரிய ஓய்வுக்கால ஊர்களில் ஒன்று. ஹெரால்ட் ஷ்வார்ட்ஸ் என்ற வணிகர் 1970களில் நடத்திய நடமாடும் வீட்டுப் பூங்காவில் தொடங்கி, அவர் மகன் கேரி மோர்ஸ் கையில் பல மடங்கு பெருத்து, மூன்று கவுன்டிகளில் பரவியிருக்கிறது. கடைக்கும் கோயிலுக்கும் கோல்ஃப் வண்டியிலேயே போய்வருகிறார்கள். ஃபுளோரிடா 1980இல் கொண்டுவந்த சட்டப்படி, புதிய குடியிருப்புக்குக் குழாயும் சாலையும் போட 'சமுதாய மேம்பாட்டு மாவட்டம்' அமைக்கலாம். ஐந்து பேர் கொண்ட அதன் குழுவை முதலில் நில உரிமையாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஏக்கருக்கு ஓர் ஓட்டு. ஆரம்பத்தில் நிலம் முழுக்க புரமோட்டருடையது என்பதால் முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகள் கழிந்து, வாக்காளர்கள் குறைந்தது 250 பேர் சேர்ந்தபின் இடங்கள் படிப்படியாகக் குடியிருப்போரின் ஓட்டுக்கு வரும். பெரிய மாவட்டமானால் பத்து ஆண்டு, 500 பேர்.

சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. வாக்காளரே வசிக்காத மாவட்டமாக இருந்தால்? கடைத்தெருவும் ஊர்ச் சதுக்கமும் மட்டுமே உள்ள மைய மாவட்டங்களில் யாரும் குடியிருப்பதில்லை. ஆகவே ஏக்கர் ஓட்டு மாறாமலே இருக்கும். குடியிருப்போர் மாதா மாதம் கட்டும் வசதிக் கட்டணம் போய்ச் சேர்ந்தது அந்த மாவட்டங்களுக்குத்தான். கேள்வி கேட்டது, 1975இலேயே தொடங்கப்பட்ட, விருப்பமுள்ளவர்கள் சேரும் மனை உரிமையாளர் சங்கம். அதைச் சேர்ந்தவர்கள் தொடுத்த வழக்கு 2008இல் ஏறத்தாழ நான்கு கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது; வசதிகளுக்கான செலவைக் கவனிக்கக் குடியிருப்போரின் பிரதிநிதிகள் அடங்கிய குழு ஒன்றும் பிறந்தது. ஊரின் தினசரிப் பத்திரிகை புரமோட்டரின் குடும்ப நிறுவனத்துடையது. சங்கம் தன் தரப்பைச் சொல்ல மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டது.

2019இல் மோதல் கவுன்டி மட்டத்துக்குப் போயிற்று. ஊரின் பெரும்பகுதி அடங்கிய சம்டர் கவுன்டி, சொத்து வரியை ஒரே மூச்சில் 25 சதவீதம் ஏற்றியது. புதிய குடியிருப்புகளுக்கான சாலைச் செலவைப் பழைய குடியிருப்போர் தலையில் கட்டுவதா என்று முதியவர்கள் திரண்டார்கள். 2020 ஆகஸ்டில் நடந்த குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பதவியிலிருந்த மூவரைத் தோற்கடித்து, ஓய்வு பெற்ற புதியவர்கள் மூவர் வந்தார்கள். கட்டுபவரே சாலைக்குக் கூடுதல் கட்டணம் தரட்டும் என்று அவர்கள் புறப்பட்டபோது, 2021இல் மாநில சட்டமன்றம் அத்தகைய கட்டண உயர்வுக்கே உச்சவரம்பு விதித்துவிட்டது. தொலைபேசிப் பேச்சு பற்றிப் பிரமாணத்தின் பேரில் பொய் சொன்னதாக மூவரில் இருவர்மீது வழக்குப் பாய்ந்து, 2022 ஜனவரியில் ஆளுநர் அவர்களைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார். வழக்கு அதன்பின் பல திருப்பங்களைக் கண்டது. வரியோ, அதற்குள் வேறொரு கணக்காகிவிட்டது.

முதியவர்கள் எப்போதும் பாதிக்கப்படும் தரப்பு என்று நினைத்துவிடவும் கூடாது. இந்த வகை ஊர்களுக்கு முன்னோடி, அரிசோனாவில் டெல் வெப் என்ற கட்டுமான அதிபர் 1960 ஜனவரி முதல் தேதி திறந்த சன் சிட்டி. அங்கே ஓய்வெடுக்க வந்தவர்கள் தங்கள் ஓட்டின் வலிமையைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பக்கத்து பியோரியா ஊரோடு ஒரே பள்ளி மாவட்டத்தில் இருந்தபோது, பள்ளிக் கட்டடங்களுக்கு நிதி திரட்டும் வாக்கெடுப்புகளை 1962க்கும் 1974க்கும் இடையே 17 முறை தோற்கடித்தார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்துவிட்டோம், இன்னும் எதற்கு வரி என்பது அவர்கள் வாதம். கடைசியில் பள்ளி மாவட்டத்திலிருந்து சன் சிட்டியையே பிரித்துவிட்டார்கள். ஹாட் ஸ்பிரிங்ஸ் வில்லேஜின் காலி மனைக்காரர் செய்வதும் இதே வாதம்தான்: நான் பயன்படுத்தாததற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? அவரைத் திட்டும் ஓய்வூதியர் வேறொரு தேர்தலில் அதே வாதத்தைத் தானே செய்திருக்கலாம்.

கோவை, புனே, டெல்லிக்கு அருகே பிவாடி என்று இந்தியாவிலும் முதியோருக்கான தனிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. பெரும்பான்மை வீடுகள் பதிவானபின் மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் சங்கம் அமைய வழிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2019இல் வெளியிட்டது. ஓட்டு விஷயத்தில் நம் சட்டங்களுக்கே இரண்டு மனசு. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கமானால் உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. பெரிய பிளாட் ஆனாலும் சின்ன பிளாட் ஆனாலும் சமம். அதே மாநிலத்தின் 1970ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ் பதிவான கட்டடத்தில், பிரிக்கப்படாத பங்கின் அளவுதான் ஓட்டின் எடை. மூன்று படுக்கையறை வீட்டுக்காரரின் கை, ஒற்றை அறைக்காரரின் கையைவிட உயரமாகத் தூக்கப்படும். மகன் அமெரிக்காவில், வீடு மகன் பெயரில், குடியிருப்பது பெற்றோர் என்ற நிலையில் சங்கக் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி, லிஃப்ட் ரிப்பேர் ஆகும் வரை யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆர்கன்சாவில் தேர்தல் வந்ததும் ஓட்டுச்சீட்டுகள் ஐம்பது மாநிலங்களுக்கும் தபாலில் கிளம்புகின்றன. வேட்பாளர்கள் கிளப் கூடத்தில் மான்களைப் பற்றியும் குழாய்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும் வாரங்களில், நிரப்பிய உறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. நிரப்பாத உறைகளும் வருகின்றன. விலாசதாரர் இங்கே இல்லை என்ற தபால் முத்திரையோடு வருபவை அவை. அந்த மனைகளில் பைன் மரங்கள் ஐம்பது வருடமாக வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் வாசலுக்குப் போகும் சாலைக்கு இந்த வருடம் தார் போடுவதா வேண்டாமா என்பதைப் புதிய குழு முதல் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.